ஒன்றரை விரல்

வேதாளையில் பாதி ஊருக்கு ஜாக்கெட் தைக்கிறவள் நான்.
என்னுடையதை மட்டும்
ராத்திரியில், கதவடைத்து வெட்டுவேன்.
இடப்பக்கம் ஒன்றரை விரல் குறைத்து,
வலது முதுகுக்கு ஒரு டாட் கூடுதலாக,
இடத் தோளுக்குள் கொஞ்சம் பஞ்சு.
இருபத்தாறு வருஷம்
துணி எனக்காகப் பொய் சொன்னது.
கட்டிக்கொண்டவருக்கே
மூன்றாம் மாதம்தான் சந்தேகம்.
"பாய் மேடு பள்ளமா இருக்கு" என்று
பாயை மாற்றினார்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு
மூச்சு குட்டையாகிவிட்டது.
ஊசியில் நூல் கோக்கவே
இரண்டு தவணை வேண்டியிருந்தது.
மண்டபத்தில், மருந்துக்கடை மாடியில்,
தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி,
ஜெசிந்தா,
கையால் பார்க்கிறாள் என்றார்கள்.
எக்ஸ்ரேயைச் சேலை அட்டைப்பெட்டியில் வைத்து
பஸ் ஏறினேன்.
கீழே ஐஸ் உடைக்கிற மிஷின்.
படிக்கட்டெல்லாம் அதிர்ந்தது.

படத்தை அவள் கடைசியில்தான் பார்த்தாள்.
முதலில் குனியச் சொன்னாள்,
உள்ளங்கை சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு.
பிடரியிலிருந்து கணுக் கணுவாக
அவள் கட்டைவிரல் இறங்கியது.
ஐந்தாவதில் வலப்பக்கம் திரும்பியது,
ஒன்பதில் கொஞ்சம் நின்றது,
பிறகு வழி கேட்டுக்கொண்டு
நடுவுக்கு வந்தது.
நான் அளவெடுப்பது போலத்தான்.
டேப் மட்டும் இல்லை.

"நாப்பத்தொண்ணு டிகிரி" என்றாள்,
மீன் விலை சொல்வது போல.
எத்தனை நாளில் நேராகும் என்றேன்.
பார்த்து அப்போதுதானா
ஐஸ் மிஷின் நிற்கவேண்டும்!
"நேராகாதுக்கா.
இந்த வயசுல எலும்பைக் கையால நிமிர்த்துறேன்னு
யாராவது சொன்னா காசு குடுத்துராதீங்க.
இறுகிக் கெடக்கறதை இளக்கலாம்.
மூச்சுக்கு இடம் பண்ணலாம்."

கோபம் வந்தது.
ஒரு நாள் தையல் போய்,
பஸ் காசு போய்,
கேட்க வந்தது இதையா?
வாயைத் திறக்காமல்
குப்புறப் படுத்தேன்.

எங்கள் பக்கம் கடல் இரண்டு.
கச்சான் அடித்தால் தென்கடல் எழுந்து நிற்கும்,
வடகடல் அதே நாளில்
குளம் மாதிரிக் கிடக்கும்.
என் முதுகும் அப்படித்தான் என்று
எனக்கு முன்பே தெரியும்.
எழுந்த பக்கத்தை அமுக்கப்போகிறாள்
என்று பல்லைக் கடித்தேன்.
அவள் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு
பள்ளத்தில் நான்கு விரலை வைத்து,
"இங்க மூச்சு விடுங்க" என்றாள்.

அங்கேயா?
அது சாவி தொலைந்த அறை.
வயிறு உப்பியது. தோள் ஏறியது.
"அங்க இல்ல. என் விரலைத் தள்ளுங்க."
தள்ளத் தெரியவில்லை.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
அவள் விரல் நகர்ந்தது.
பாம்பன் பக்கம் ரயில் ஊதிக்கொண்டு போனது,
அந்த அதிர்வாக இருக்கும் என்று நினைத்தேன்.
ரயில் போய்விட்டது.
மறுபடியும் நகர்ந்தது,
ஒரு நூல் கனம்.
அழுதேன் என்று சொல்லமாட்டேன்.
குப்புறப் படுத்தால்
யாருக்கும் மூக்கு ஒழுகும்.

இப்போது வீட்டில் அவர்தான் விரல் வைக்கிறார்.
நண்டுக் கம்பெனியிலிருந்து வந்து,
மூன்று சோப்புப் போட்டும் போகாத வாடையோடு.
"தள்ளு புள்ள."
"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்,
உங்க விரலுக்குத்தான் சொரணை இல்ல."
பாயைப் பற்றி
அவர் இப்போது பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை
ஜெசிந்தா கை கழுவத் திரும்பினாள்.
வெள்ளைக் கோட்டு ஒரு பக்கம் தொங்கியது.
வலத் தோள் அரை இஞ்சு இறக்கம்.
ஒரு நாளைக்குப் பதினாலு முதுகு,
எல்லாம் அந்தக் கைதான்.
"ரெண்டரை மீட்டர் துணி எடுத்து வை" என்றேன்.
"அளவு?"
"எடுத்தாச்சு."
கண்ணாடியில் தன்னைத்தானே பார்த்தாள்,
திரும்பிப் பார்த்தாள்.
"பஞ்சு வச்சு மறைச்சிரவா?" என்றேன்.
ஈரக் கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு
அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.
அப்புறம், என் பக்கம் பார்க்காமல்,
"கை தூக்க வந்தாப் போதும்க்கா."